போர்டில் வரவில்லை: எஃப்பிஜிஏ ஆய்வுச் செயற்றிட்டங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வன்னியில் எஃப்பிஜிஏ (உள்ளே உள்ள சுற்றை நாமே எழுதி மாற்றக்கூடிய சிப்) போர்ட் வைத்து ஆய்வு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் இறுதியாண்டு மாணவர்கள், வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்கள், மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ வீட்டிலிருந்து தாமாகக் கற்பவர்கள் என எல்லோரையும் மனத்தில் வைத்திருக்கிறேன். இங்கே ஒரு போர்ட் பழுதானால் அடுத்தது கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வர வேண்டும். ஒரே போர்டைப் பல குழுக்கள் முறை வைத்துப் பயன்படுத்தும்போது, நிரலில் ஒரு வரியை மாற்றி மீண்டும் பிட்ஸ்ட்ரீம் (சிப்பில் ஏற்றும் கோப்பு) உருவாக்கிப் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினால் உங்கள் முறை அதிலேயே கழிந்துவிடும்.

ஆகவே யார் எந்த அறிகுறியோடு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அறிக்கைகளைப் படித்தீர்களா? சிந்தசிஸ் (நிரலைச் சுற்றாக மாற்றும் படி) எச்சரிக்கைகளிலும் டைமிங் அறிக்கையிலும் (சிக்னல்கள் நேரத்துக்குள் போய்ச் சேர்கின்றனவா என்ற கணக்கு) பெரும்பாலான நோய்களின் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. நிரலைத் தொடுவதற்கு முன் அவற்றைத் திறவுங்கள்.

உதாரணங்களுக்கு ஒரே போர்டையும் ஒரே செயற்றிட்டத்தையும் எடுத்துக்கொள்கிறேன். போர்ட், டிஜிலென்ட் நிறுவனத்தின் பேசிஸ் 3. அதிலுள்ள சிப் ஆர்ட்டிக்ஸ்-7 வரிசையின் 35டி. கிளொக் 100 மெகாஹேர்ட்ஸ், அதாவது ஒரு துடிப்புக்கு 10 நானோசெக்கன். செயற்றிட்டம், நெல்மணிகளைப் படம் பிடித்து 3×3 வடிகட்டி ஒன்றால் மணிகளின் விளிம்பைக் கண்டுபிடிப்பது. உங்கள் போர்ட் வேறாக இருந்தாலும் காரணங்கள் மாறுவதில்லை.

கணினிக்குப் போர்ட் தெரியவே இல்லை

கேபிளை மாற்றிப் பாருங்கள். கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் செய்யப்பட்ட மைக்ரோ யூஎஸ்பி கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருக்காது. போர்டின் விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது. கேபிள் சரியென்றால், லினக்ஸில் விவாடோவின் (இந்தச் சிப்புக்கான வடிவமைப்பு மென்பொருள்) கேபிள் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். மென்பொருளை நிறுவியதும் அது தானாக வந்துவிடுவதில்லை.

பிட்ஸ்ட்ரீம் உருவாகும் கடைசிப் படியில் பிழை காட்டி நிற்கிறது

எல்லாப் படிகளும் முடிந்து, கடைசியில் என்எஸ்டிடி-1 அல்லது யூசிஐஓ-1 என்ற பிழை வந்தால், ஏதோ ஒரு உள்ளீட்டுக்கோ வெளியீட்டுக்கோ பின் இடமோ மின்னழுத்தத் தரமோ கொடுக்கப்படவில்லை என்று பொருள். கட்டுப்பாட்டுக் கோப்பில் (எந்தச் சிக்னல் எந்தப் பின்னில் என்று சொல்லும் கோப்பு) உள்ள பெயரும், சுற்றை விவரிக்கும் மொழியான வெரிலொக்கில் எழுதிய நிரலில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் இது வரும். அந்தப் பிழையை வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிட்டு முன்னே போகலாம் என்று இணையத்தில் பலர் சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மென்பொருள் தன் விருப்பப்படி ஒரு பின்னைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பின்னில் வேறொரு சாதனத்தின் வெளியீடு ஏற்கெனவே இணைந்திருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். போர்ட் பழுதாவதற்கு அது போதும்.

மின்சாரம் போய் வந்ததும் சுற்று மறைந்துவிட்டது

இது பழுதல்ல. இந்த வகை எஃப்பிஜிஏ தன் அமைப்பை எஸ்ராம் நினைவகத்தில் வைத்திருக்கிறது; மின்சாரம் நின்றால் அது அழிந்துவிடும். நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் போர்டிலுள்ள ஃபிளாஷ் சிப்பில் எழுதி, ஜேபி1 ஜம்பரை ஜேடேக் (கணினியிலிருந்து ஏற்றும்) நிலையிலிருந்து கியூஎஸ்பிஐ (ஃபிளாஷிலிருந்து ஏற்றும்) நிலைக்கு மாற்ற வேண்டும். எழுதியும் எழும்பவில்லையென்றால் டன் (DONE) என்ற விளக்கைப் பாருங்கள். அது எரியவில்லையென்றால் அமைப்பு ஏறவே இல்லை.

ஃபிளாஷில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டால் பதற வேண்டாம். ஜம்பரை மீண்டும் ஜேடேக் நிலைக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து எழுதலாம். சிப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிற்பகல் இடி முழக்கம் தொடங்கும் மாதங்களில், நீளமான கம்பியில் வயற்பக்கம் போகும் சென்சர் எதுவும் போர்டோடு இணைந்திருந்தால், வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

சிமுலேஷனில் சரியாக வருகிறது, போர்டில் வரவில்லை

ஆய்வுகூடத்தில் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். இதற்குப் பின்னால் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். நான் தேடும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ரீசெட். பேசிஸ் 3 போர்டில் பொத்தானை அழுத்தினால் 1 வரும். வேறு பல போர்டுகளில் அழுத்தினால் 0 வரும். வேறு போர்டுக்கு எழுதிய நிரலை எடுத்துவந்து போட்டால், நீங்கள் பொத்தானைத் தொடாதவரை சுற்று ரீசெட்டிலேயே கிடக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்தபோது மட்டும் ஏதோ அசைகிறது என்றால் ஐயத்துக்கே இடமில்லை.

அடுத்தது லாட்ச். சேர்க்கைத் தருக்கத்தில் (நினைவகம் இல்லாத பகுதியில்) ஒரு நிபந்தனைக்கு விடை எழுதாமல் விட்டால், பழைய மதிப்பை வைத்துக்கொள் என்று நீங்கள் சொன்னதாக மென்பொருள் எடுத்துக்கொண்டு ஒரு லாட்சைச் செருகிவிடும். சிமுலேஷனில் உங்கள் சோதனை அந்த நிபந்தனையைத் தொடாமலே போயிருக்கலாம். சிந்தசிஸ் அறிக்கையில் லாட்ச் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒன்று இருந்தாலும் அதை நியாயப்படுத்த உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். மாணவர் செயற்றிட்டங்களில் அப்படி ஒரு காரணத்தை நான் கண்டதில்லை.

மூன்றாவது, உணர்திறன் பட்டியல், அதாவது எந்த உள்ளீடுகள் மாறினால் விடையை மீண்டும் கணிக்க வேண்டும் என்ற பட்டியல். பழைய பாணியில் உள்ளீடுகளைக் கையால் பட்டியலிட்டு ஒன்றை மறந்துவிட்டால், சிமுலேட்டர் பட்டியலை அப்படியே பின்பற்றும். சிந்தசிஸ் அதைப் பொருட்படுத்தாமல் முழுச் சுற்றையும் கட்டும். இரண்டும் வெவ்வேறு சுற்றுகள். நட்சத்திரக் குறி போட்டு எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. நேரத் தாமதத்தை எண்ணாக எழுதுவதும் இதே வகைதான்: சிமுலேஷனில் வேலை செய்யும், சிந்தசிஸ் அதைக் கண்டுகொள்ளாது.

நான்காவது, பொத்தான். சிமுலேஷனில் பொத்தான் ஒரே தடவை சுத்தமாக 0 இலிருந்து 1 ஆகிறது. உண்மையான பொத்தானின் உலோகத் தகடு சில மில்லிசெக்கன்கள் துள்ளும். ஐந்து மில்லிசெக்கன் துள்ளல் என்று வைத்தால்கூட, 100 மெகாஹேர்ட்ஸ் கிளொக்குக்கு அது 5,00,000 துடிப்புகள். ஒரு தடவை அழுத்தியும் எண்ணி (கவுண்டர்) பல படிகள் ஏறுவது இதனால்தான். பொத்தான் நிலைத்து நிற்கும்வரை காத்திருக்கும் சிறிய எண்ணி ஒன்றை முன்னால் வையுங்கள்.

இவை எல்லாம் சரியென்றால், சிந்தசிஸுக்குப் பிந்திய நெட்லிஸ்டை (உருவான சுற்றின் இணைப்புப் பட்டியல்) எடுத்து அதையே சிமுலேஷனில் ஓட்டுங்கள். அங்கே பிழை தெரிந்தால் குற்றம் உங்கள் நிரலில். அங்கும் சரியாக வந்தால், குற்றம் நேரத்திலோ வெளியிலிருந்து வரும் சிக்னலிலோ இருக்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

சிலவேளை வேலை செய்கிறது, சிலவேளை இல்லை

காலையில் ஓடியது, மதியம் ஓடவில்லை என்றதும் எல்லோரும் வன்னி வெயிலின்மேல் பழி போடுகிறார்கள். இந்தச் சிப்பின் வணிகத் தரம், சிலிக்கன் சந்தியின் வெப்பம் 85 பாகை செல்சியஸ் ஆகும்வரை உத்தரவாதம் தருகிறது. டைமிங் கணக்கும் மிக மெதுவான நிலைமையை வைத்துத்தான் போடப்படுகிறது. சிப்பினுள் எக்ஸ்ஏடிசி என்ற அளவி இருக்கிறது. விவாடோவின் வன்பொருள் சாளரத்தில் அதன் வெப்ப வாசிப்பை நேரடியாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பேசுங்கள். அது 85க்குக் கீழே இருந்தும் சூடானதும் நடத்தை மாறுகிறது என்றால், கணக்கில் சேராத ஒரு பாதை உங்கள் சுற்றில் இருக்கிறது. வெயில் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

அந்தப் பாதையை இப்படித் தேடுங்கள். டைமிங் அறிக்கையைத் திறந்ததும் எல்லோரும் டபிள்யூஎன்எஸ் எண்ணை, அதாவது மிக மோசமான பாதையில் மிஞ்சும் நேரத்தைப் பார்க்கிறார்கள். அது எதிர்மறையாக இருந்தால் விடயம் தெளிவு. உதாரணமாக, மைனஸ் 1.3 நானோசெக்கன் என்றால் உங்கள் சுற்றுக்கு 10க்குப் பதிலாக 11.3 நானோசெக்கன் தேவை. அது தாங்கும் உத்தரவாத வேகம் ஏறத்தாழ 88 மெகாஹேர்ட்ஸ்தான். மேசையில் அது 100இல் ஓடிக் காட்டலாம், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கும் சிப் மிக மோசமான சிப்பாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஓட்டத்தை நம்பி ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. நெல்மணி வடிகட்டியில் ஒன்பது பெருக்கல்களையும் அவற்றின் கூட்டலையும் ஒரே துடிப்பில் முடிக்க முயன்றால் இது வரக்கூடும். பெருக்கலுக்குப் பின் ஒரு ரெஜிஸ்டர் (கிளொக் துடிப்பில் மதிப்பைப் பிடித்து வைக்கும் நினைவகம்), கூட்டலை மரமாகப் பிரித்து ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு ரெஜிஸ்டர் என்று வையுங்கள். விடை சில துடிப்புகள் பிந்தி வரும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விடை வரும்.

டபிள்யூஎன்எஸ் நேர்மறையாக இருந்தால் பலர் அறிக்கையை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். அதே அறிக்கையில் செக் டைமிங் என்ற பகுதி இருக்கிறது. அதில் நோ கிளொக் என்ற வரிக்கு எதிரே பூச்சியம் இருக்க வேண்டும். அங்கே எண் ஏதும் இருந்தால், அத்தனை ரெஜிஸ்டர்களுக்கு எந்தக் கிளொக் வருகிறது என்பதே மென்பொருளுக்குத் தெரியவில்லை. அவற்றின் பாதைகள் கணக்கில் எடுக்கப்படவே இல்லை. நேர்மறை எண், பார்த்த பாதைகளுக்கு மட்டும் கிடைத்த சான்றிதழ். இதற்கு வழக்கமான காரணம், எண்ணி ஒன்றின் ஒரு பிட்டையே மெதுவான கிளொக்காகப் பயன்படுத்துவது. எல்லா ரெஜிஸ்டர்களுக்கும் 100 மெகாஹேர்ட்ஸையே கொடுத்து, மெதுவாக நடக்க வேண்டியவற்றுக்கு எனேபிள் சிக்னல் ஒன்றைக் கொடுங்கள்.

அதற்கும் அப்பால் இருப்பது வெளியிலிருந்து வரும் சிக்னல். யூஆர்ட் (கணினியிலிருந்து பிட் பிட்டாகத் தரவு வரும் தொடர் இணைப்பு) கம்பியோ பொத்தானோ உங்கள் கிளொக்கைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. அதை நேரடியாக நிலைப்பொறிக்குள் (ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் படிப்படியாக மாறும் சுற்று) விட்டால், கிளொக் விளிம்பு வரும் அதே கணத்தில் அது மாறும்போது, அருகிலிருக்கும் ஃபிளிப்-ஃபிளொப் (ஒரு பிட் ரெஜிஸ்டர்) 1 என்று வாசிக்கும், தூரத்திலிருப்பது 0 என்று வாசிக்கும். ஒரு நிலைக்கு ஒரு பிட் என்று அமைந்த நிலைப்பொறியில் இப்போது இரண்டு பிட்டுகள் எரியலாம், அல்லது ஒன்றுமே எரியாமல் போகலாம். நீங்கள் எழுதிய எந்த நிலையிலும் அது இல்லை. ரீசெட் செய்யும்வரை அங்கேயே உறைந்து நிற்கும். நாளுக்கு ஒரு தடவை மட்டும் உறையும் சுற்றை என்னிடம் கொண்டுவந்தால் நான் முதலில் திறப்பது இந்த இடத்தைத்தான்.

தீர்வு எளிது. அந்தச் சிக்னலை அடுத்தடுத்த இரண்டு ஃபிளிப்-ஃபிளொப்களுக்கூடாகக் கொண்டுவந்து, இரண்டாவதன் வெளியீட்டை மட்டும் உள்ளே பயன்படுத்துங்கள். எட்டுப் பிட் எண் ஒன்றை ஒரு கிளொக்கிலிருந்து இன்னொரு கிளொக்குக்குக் கடத்துவதானால் இந்த வழி போதாது. ஒவ்வொரு பிட்டும் ஒவ்வொரு துடிப்பில் வந்து சேரலாம். இடையில் ஒருபோதும் இல்லாத எண் ஒன்று தோன்றும். அதற்கு இரு கிளொக் ஃபைஃபோ (முதலில் வந்தது முதலில் போகும் வரிசை நினைவகம்) வேண்டும், அல்லது அனுப்புவதும் பெறுவதும் ஒன்றுக்கொன்று சைகை காட்டும் கைகுலுக்கும் முறை வேண்டும்.

ஒரு துணை அறிகுறி: உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஐஎல்ஏ அளவியைச் சேர்த்ததும் பிழை காணாமல் போகிறது. ஐஎல்ஏ சேர்ந்ததால் சுற்றின் இடவமைப்பே மாறிவிட்டது. பிழை இடவமைப்பைப் பொறுத்து மாறுகிறதென்றால், அது நேரப் பிழை அல்லது கிளொக் கடக்கும் பிழை. ஐஎல்ஏவை உள்ளேயே விட்டுவிட்டு ஒப்படைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

எல்லாம் முடிந்தது, ஆனால் சிப்பில் ஒன்றுமே இல்லை

பயன்பாட்டு அறிக்கையில் எல்யுடி (தருக்கத்தைச் செய்யும் சிறு அட்டவணை) எண்ணிக்கை சந்தேகமாகக் குறைவாக இருக்கிறதா? வெளியே ஒரு பின்னையும் அடையாத தருக்கத்தை மென்பொருள் நீக்கிவிடும். மேல்மட்ட மொடியூலில் ஒரு கம்பியின் பெயரைத் தவறாக எழுதினாலே வெரிலொக் புதிதாக ஒரு பிட் கம்பியை உருவாக்கிக்கொள்ளும். உங்கள் முழு வடிகட்டியும் அநாதையாகி நீக்கப்பட்டுவிடும். வெரிலேட்டர் என்ற மென்பொருளின் லின்ட் சோதனையை (நிரலைப் படித்தே பிழை தேடும் சோதனை) முதலில் ஓட்டினால் இதையும் அகலம் பொருந்தாத இணைப்புகளையும் சில செக்கன்களில் பிடிக்கலாம். அது இலவசம், சிறியது, போர்டும் தேவையில்லை.

சிந்தசிஸ் முடியவே இல்லை, அல்லது சிப்பில் இடம் போதவில்லை

பெரும்பாலும் நினைவகம்தான். 640×480 அளவுள்ள சாம்பல் நிறப் படம் ஒன்று 3,07,200 பைட். பிட்டாகச் சொன்னால் 24,57,600. பேசிஸ் 3 சிப்பில் உள்ள பிளொக் ராம் (சிப்பினுள் உள்ள நினைவகத் துண்டுகள்) 50 துண்டுகள், ஒவ்வொன்றும் 36 கிலோபிட், மொத்தம் 18,43,200 பிட். முழுப் படமும் எந்த வித்தையாலும் அதற்குள் அடங்காது. ஃபிளிப்-ஃபிளொப்கள் இருப்பதோ 41,600 மட்டும்.

வடிகட்டிக்கு முழுப் படமும் தேவையில்லை என்பதுதான் இந்தத் துறையின் அழகு. 3×3 வடிகட்டிக்கு, வந்துகொண்டிருக்கும் வரியோடு அதற்கு முந்திய இரண்டு வரிகள் இருந்தால் போதும். அது 10,240 பிட். படம் ஓடிக்கொண்டே இருக்கும், சுற்று போகிற போக்கில் விடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அளவு சரியாக இருந்தும் பிளொக் ராம் பயன்படவில்லையென்றால், நீங்கள் எழுதிய வாசிப்பு கிளொக்குக்குக் கட்டுப்படாத வாசிப்பு. இந்தச் சிப்பின் பிளொக் ராம் கிளொக் விளிம்பில்தான் வாசிக்கும். அப்படி மாற்றியதும் விடை ஒரு துடிப்பு பிந்தி வரும். முகவரியோடு சேர்ந்து போகும் மற்ற சிக்னல்களையும் ஒரு துடிப்பு பிந்தச் செய்யுங்கள். செய்யாவிட்டால் படம் ஒரு பிக்சல் பக்கவாட்டில் நகர்ந்து தெரியும்.

மின்வெட்டு இருக்கும் நாட்களில் முழு ஓட்டத்தையும் ஸ்கிரிப்டாக எழுதி, சிந்தசிஸுக்குப் பின்னும் இடமமைத்த பின்னும் செக்பொயின்ட் கோப்பை எழுதச் செய்யுங்கள். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

படம் கிட்டத்தட்டச் சரி, விளிம்புகளில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள்

குறிப் பிட் (எண் நேர்மறையா எதிர்மறையா என்று சொல்லும் பிட்) தவறியிருக்கிறது. விளிம்பு கண்டுபிடிக்கும் 3×3 வடிகட்டியான சோபெல் வடிகட்டியின் விடை மைனஸ் 1020 முதல் 1020 வரை போகும். அதற்குக் குறியோடு 11 பிட் வேண்டும். வெரிலொக்கில் ஒரு கோவையின் ஓர் உறுப்பு குறியற்றதாக இருந்தாலும் முழுக் கோவையும் குறியற்றதாகவே கணிக்கப்படும். சிறிய எதிர்மறை எண் பெரிய நேர்மறை எண்ணாக மாறும். எல்லா உறுப்புகளையும் குறியுள்ளவையாக அறிவித்து, தனி மதிப்பு எடுத்து, 255க்கு மேல் போவதை 255இல் நிறுத்துங்கள். கீழ் எட்டுப் பிட்டை மட்டும் வெட்டி எடுப்பது சரியாகாது.

மடிக்கணினியைவிட மெதுவாக ஓடுகிறது

துடிப்புக்கு ஒரு பிக்சல் என்றால் படம் முழுவதையும் 100 மெகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ 3 மில்லிசெக்கனில் வடிகட்டிவிடலாம். ஆனால் அந்தப் படம் யூஆர்ட் வழியாக 1,15,200 போட் வேகத்தில் வருகிறது. ஒரு பைட்டுக்குத் தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் சேர்ந்து 10 பிட். செக்கனுக்கு 11,520 பைட். படம் வந்து சேர ஏறத்தாழ 26.7 செக்கன். இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்தாலும் வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் கடைசி வயல் காய்ந்துதான் கிடக்கும். கணிக்கும் பகுதியை இரட்டிப்பு வேகமாக்கினால் மிச்சமாவது ஒன்றரை மில்லிசெக்கன். கமராவைப் போர்டிலேயே நேரடியாக இணையுங்கள், அல்லது வேகமான இடைமுகம் உள்ள போர்டுக்கு மாறுங்கள்.

சி மொழியிலிருந்து எச்எல்எஸ் மூலம் சுற்று உருவாக்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு பிக்சலுக்கு ஒன்பது வாசிப்புகள். பிளொக் ராமுக்கு இரண்டு வாயில்கள். ஆகவே ஐந்து துடிப்புக்கு ஒரு பிக்சல்தான் வெளிவரும். எச்எல்எஸ் அறிக்கையில் ஐஐ என்ற இடத்தில் 5 என்று தெரிவது இதனால்தான். வரி பஃபரும் 3×3 ரெஜிஸ்டர் சாளரமும் எழுதினால் அது 1 ஆகும். தசமப் புள்ளி எண்களைக் கூட்டிக்கொண்டே போகும் சுழற்சியில் ஐஐ இறங்காமல் நின்றால், முந்திய கூட்டல் முடியாமல் அடுத்தது தொடங்க முடியாததுதான் காரணம். முழு எண்ணுக்கு மாற்றுங்கள்.

ஒரு பின் மட்டும் செத்துவிட்டது

5 வோல்ட் சென்சரை நேரே கொடுத்திருப்பீர்கள். இந்தச் சிப்பின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. இடையில் மின்னழுத்தப் பிரிப்பியோ ஒளி இணைப்பியோ வையுங்கள். நீர்ப்பம்பி ரிலே இருக்கும் இடமானால் ஒளி இணைப்பிதான் சரி.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் மதிப்பீட்டாளர் வேக எண்களை நம்பவில்லை

இதையும் ஒரு பிழையாகவே எடுத்துத் தேடுங்கள். முதலில், சிந்தசிஸ் அறிக்கையின் மெகாஹேர்ட்ஸை எழுதியிருக்கிறீர்களா? அது மதிப்பீடு மட்டும். இடமமைத்துக் கம்பி இணைத்த பின் வரும் எண்ணையே எழுத வேண்டும். அடுத்து, எதோடு ஒப்பிட்டீர்கள்? மெருகூட்டாத, ஒரே கோரில் ஓடும் பைதன் நிரலோடு ஒப்பிட்டால் எந்தச் சுற்றும் நூறு மடங்கு வேகமாகத் தெரியும். கணினியின் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும் நல்ல நிரலோடு ஒப்பிடுங்கள். தரவு போய்வரும் நேரத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு எண்களையும் கொடுங்கள். மின்சக்தியில் மென்பொருளின் மதிப்பீடு எது, மீட்டர் வைத்து அளந்தது எது என்பதைப் பிரித்து எழுதுங்கள்.

சிறிய எண்ணாகிவிடுமே என்று கலங்க வேண்டாம். மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கெட்டபல்ட் ஆய்வு 1,632 சர்வர்களில் எஃப்பிஜிஏ பொருத்திப் பிங் தேடலின் தரவரிசைக் கணிப்பை ஓட்டியது. அவர்கள் சொன்ன முன்னேற்றம், தாமதப் பரவலை மாற்றாமல் வைத்துக்கொண்டு, சர்வர் ஒன்றுக்கு 95 சதவீதம். இரண்டு மடங்குகூட முழுதாக இல்லை. ஒப்பீடு நேர்மையாக இருந்ததால் அது துறையையே அசைத்தது.

பின்னிணைப்பில் விவாடோ பதிப்பு, சிப்பின் முழுப் பெயர், கட்டுப்பாட்டுக் கோப்பு, ஸ்கிரிப்ட் ஆகிய நான்கையும் சேருங்கள். பதிப்பு மாறினால் இடவமைப்பு மாறும், டைமிங்கும் மாறும். விவாடோவைப் பதிவிறக்கவே பல பத்து கிகாபைட் தேவைப்படுவதால், சிறிய செயற்றிட்டங்களுக்கு யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் ஆகிய திறந்த மூலக் கருவிகளையும் அவை நன்கு ஆதரிக்கும் லாட்டிஸ் ஐஸ்40 போர்டையும் நான் பரிந்துரைக்கிறேன். நெக்ஸ்ட்பிஎன்ஆரில் தொடக்க எண்ணை மாற்றிப் பல தடவை ஓட்டி, கிடைக்கும் வேகங்களின் நடு எண்ணையும் பரவலையும் அட்டவணையில் போடுங்கள்.